ஜாக்கிக்குப் பக்கத்துல மாப்ள

சும்மாதான் வந்தேன் மாமான்னு சொல்லிக்கிட்டு சனிக்கெழம காலைல மொத பஸ்ஸுல மலையிலருந்து எறங்கி வந்து நிக்கிற மருமகன எந்த மாமனாராச்சும் நம்புவானா. நா நம்பல. மலையிலருந்து போடிக்கு யாரும் சும்மா எறங்க மாட்டாக. பல்லு வலின்னா எறங்குவாக, பேங்கு சோலின்னா எறங்குவாக, பொண்டாட்டியோட சண்டைன்னா எறங்குவாக. சும்மா எறங்குன மொத ஆளு என் மாப்ள திலீபன்தான். ஒரு கையில மஞ்சப்பை, பைக்குள்ள காக்கிலோ ஏலக்கா, இன்னொரு கையில கொடை. வானத்துல பொட்டு மேகம் இல்ல. என்ன மாப்ள திடீர்னு, அப்படின்னேன். சும்மாதான் மாமா, அப்படின்னாரு. அந்தச் சும்மாவுக்கு முன்னாடி ஒரு நிறுத்தம் விட்டாரு பாத்துக்கங்க, அங்கதான் மாட்டுனாரு. இருபத்தாறு வருசமா மேடையேறி அடுத்தவன் கொரல்ல பேசிப் பொழைக்கிறவன் நா. வார நாள்ல ஏலத்தோட்டத்துக்கு ஆளேத்திக்கிட்டுப் போற ஜீப்பு டிரைவரு பவுன்ராசு, திருவிழான்னா மிமிக்ரி பவுன்ராசு. கொரல எவன் வேணாலும் பிடிச்சிரலாம். அந்தக் கொரலு எங்க மூச்சு வாங்குது, எத்தன நொடி நின்னு அடுத்த வார்த்தைய எடுக்குது, அதப் பிடிக்கிறவன்தான் ஆளு. நெசமாவே சும்மா வந்தவன் நிக்காமச் சொல்லுவான். யோசிச்சுச் சொன்ன சும்மா, சும்மா இல்ல. சரி வாங்க, இட்லி தின்னுங்கன்னேன். தின்னாரு. ஆறு இட்லி. மனசுல எதையோ வெச்சிருக்கிறவன் ஆறு இட்லி திம்பானா. திம்பான். வாய் நெறைய இட்லி இருந்தா பேச வேணாம்ல. அப்பறம் வாசல்ல நா ஜீப்புக்கு ஜாக்கி வெக்கிறதப் பாத்துட்டு, நானும் ஒத்தாசை பண்றேன் மாமான்னு லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்து உக்காந்துட்டாரு. எங்க உக்காந்தாரு. ஜாக்கிக்குப் பக்கத்துல. நா எங்க கெடக்கேன். ஜீப்புக்கு அடியில, மல்லாக்க.

பின்னாடி ஆக்சில் என் மூக்குக்கு ஒரு சாண் மேல நிக்கிது. வண்டியோட அடிச்சட்டத்த, அதான் சேஸ, எடது பக்கம் ஒரு இரும்பு ஸ்டாண்டு தாங்குது, வலது பக்கம் ஒரு பலாக்கட்டை தாங்குது. ரெண்டாவது ஸ்டாண்ட ஒருத்தன் இரவல் வாங்கிட்டுப் போயி ஒரு வருசமாச்சு. முன் வீலுக்கு ரெண்டு கல்லு. ஆக்சில மட்டும் ஜாக்கி தாங்குது, அந்த ஜாக்கிக் கம்பியில மாப்ள கை. வேலை என்னன்னா பின்னாடி ஸ்பிரிங்கு பட்டையக் கொறைக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஏழு பட்டை, ஒன்னுக்குக் கீழ ஒன்னா அடுக்கி, நடுவுல ஒரு சென்டர் போல்ட்டப் போட்டு இறுக்கி, யூ போல்ட்டால ஆக்சிலோட சேத்துக் கட்டியிருக்கும். பதினாலு பொம்பளையாளும் மூட்டையும் சாப்பாட்டுத் தூக்கும் ஏறுனாத்தான் அது வளையும். ஒத்த ஆளு பின்னாடி உக்காந்தா பட்டை வளையாது, ஆளுதான் வளையணும். நாளைக்கு ஞாயித்துக்கெழம ஒத்த ஆளுதான் ஏறணும். என் மக யோகலட்சுமி, எட்டாவது மாசம். தலைப்பிரசவம் தாய் வீட்டுல, வளைகாப்புப் போட்டுட்டு வந்தாச்சு, கூட்டியாரணும். தோட்டத்து லயத்து வீட்டுலருந்து தார் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டரு, அத ரோடுன்னு சொன்னா ரோடு கோவிச்சுக்கும், கல்லும் பள்ளமும் ஓடையும். பின்னாடி பெஞ்சக் கழட்டிட்டு மெத்தை விரிச்சுப் படுக்க வெச்சு எறக்கணும்னு என் வீட்டுக்காரி போதுமணி சொல்லிட்டா. அப்ப பட்டைய உருவணும், பக்கத்துக்கு ரெண்டு. உருவிட்டா ஆடு மாதிரி உதைக்கிற வண்டி எருமை மாதிரி அசைஞ்சு போகும். ஆனா அதுக்கப்பறம் லோடு அடிக்க முடியாது, பதினாலு பேரு ஏறுனா பொத்துன்னு உக்காந்துரும். பட்டறையில விட்டா மெக்கானிக்கு அதத்தான் கேப்பான், அப்ப எப்படிண்ணே ட்ரிப்பு அடிப்பன்னு. அதுக்குப் பதில் சொன்னா அடுத்த கேள்வி கேப்பான். அடுத்த கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. அதான் வீட்டு வாசல்லயே. பத்தொம்பது ஸ்பேனரக் குடுங்க மாப்ளன்னேன். குடுத்தாரு, சரியா பத்தொம்பது. இவருக்கு எப்படி ஸ்பேனரு நம்பரு தெரியும். தோட்டத்துல சூப்பர்வைசரு, மருந்தடிக்கிற மோட்டாரு பாப்பாரு, தெரியும், தெரியத்தான் செய்யும். இருந்தாலும் நா எந்திரிச்சுப் போயி, கழட்டி வெச்ச வீலுல ஒன்ன உருட்டியாந்து என் தலைமாட்டுல சேஸுக்கடியில படுக்கப் போட்டேன், எது விழுந்தாலும் மொதல்ல வீலு மேல விழட்டும்னு. எதுக்கு மாமான்னாரு. நெழலுக்குன்னேன். ஜீப்புக்கு அடியில நெழலுக்கு என்ன பஞ்சம்னு அவரு கேக்கல. கேக்க மாட்டாரு. அதான் எனக்குப் பயமே.

அடுத்த கேள்வி என்னன்னா, யாருக்காக உருவுறேன்னுதான். வரமாட்டேன்னு சொன்னவளுக்காகவா. வியாழக்கெழம சாயங்காலம் ஜீப்பு ஸ்டாண்டுல நிக்கிறோம், மத்த டிரைவருக எல்லாம் ஒரு ஐட்டம் போடுண்ணேன்னானுக. நா சும்மா இருக்கலாம்ல. என் போன்ல கூப்பிட்டா என் பேரு வந்துரும்னு ஒருத்தன் போன வாங்கி மகளுக்குப் போட்டேன், அவ மாமனாரு கொரல்ல. சம்மந்தி நல்லதம்பி கொரலு ஒன்னும் பெரிய வேலையில்ல, ரெண்டு கனைப்பு, ஆங்னு ஒரு இழுப்பு, எதச் சொன்னாலும் கடைசில ஒரு என்னாங்குற. மூணே வாக்கியம், மூணாவதுல என் கொரலுக்கு மாறணும், அவ அய்யோ அப்பான்னு தலையில அடிச்சுக்கணும், இவனுக சிரிக்கணும், அவ்வளவுதான் பிளானு. ஆத்தா, நாந்தான் மாமா, ஏலக்கா ஸ்டோர்லருந்து வேற ஆளு போன்ல பேசுறேன், ஞாயித்துக்கெழம ஒங்கப்பன் வர்றானாமே, அந்தாளு வண்டிய நம்பி ஏறுவியா நீயி, என்னாங்குற. ரெண்டு வாக்கியம் முடிஞ்சிருச்சு. அந்தப் பக்கம் பேச்சில்ல. ஒன்னு, ரெண்டு, மூணு. யோகு பேச்சுல மூணு எண்ணுற அளவுக்கு எடவெளியே இருக்காது, கொழாயத் தொறந்த மாதிரி பேசுற பிள்ள. அந்த மூணு நொடிக்குள்ள போன்ல கடுக்குனு ஒரு சத்தம், அப்பறம் இன்னொரு கடுக்கு. அப்பறம் அவ சொன்னா, சத்தமே இல்லாத ஒரு கொரல்ல, மாமா, அப்பாவ வர வேணாம்னு நீங்களே சொல்லிருங்க மாமா. எனக்கு அங்க போக வேணாம். அங்க போயி என்னால பெத்துக்க முடியாது மாமா. நா சொன்னேன்னு சொல்லிராதீங்க. எனக்கு மூணாவது வாக்கியம் வரல. இருபத்தாறு வருசத்துல மொதத் தடவ வரல. ஆங், சரி ஆத்தான்னு நல்லதம்பி கொரல்லயே சொல்லி கட் பண்ணிட்டேன். என்னண்ணே ஆச்சுன்னானுக. கண்டுபிடிச்சிருச்சுடா என் மகன்னு சிரிச்சேன், அவனுகளும் சிரிச்சானுக, போனத் தொடச்சுக் குடுத்துட்டு வந்துட்டேன். அன்னைலருந்து இன்னைக்கு வரைக்கும் மகளுக்கு நா போன் போடல. போட்டு என்னன்னு கேக்க. நீ ஏன் வரமாட்டேங்கிறன்னு கேட்டா, ஒங்களுக்கு யாருப்பா சொன்னான்னு கேப்பா. யாரு சொன்னா. அவ மாமனாரு சொன்னாரு. மாமனாரு யாரு. நாந்தான்.

யூ போல்ட்டு நட்டு நாலும் துருப்பிடிச்சுக் கெடக்கு, மண்ணெண்ணெய ஊத்தி ஊத்திக் கழட்டுறேன், சொட்டு சொட்டா என் காதுக்குள்ள எறங்குது. அந்தக் கடுக்குச் சத்தம் என்ன சத்தம். அதத்தான் ரெண்டு நாளா வாயில போட்டுப் போட்டுப் பாக்குறேன். நாக்க மேலண்ணத்துல ஒட்டி எடுத்தா வரல, பல்லக் கடிச்சா வரல, வெரல நெட்டி முறிச்சுப் பாத்தேன், வந்துச்சு. அச்சு அசலு அதே சத்தம். யாரோ எம்மக பக்கத்துல நின்னு வெரல நெட்டி முறிச்சிருக்கான். ம், சொல்லு, அப்படின்னு வாயால சொல்லாம வெரலால சொல்லியிருக்கான். யாரு அவன். இந்தா ஜாக்கிப் பக்கத்துல உக்காந்திருக்கே, இந்த வெரலா. ஆறு இட்லி தின்ன வெரலு. கல்யாணத்துக்கு முன்னாடி விசாரிச்சப்ப எல்லாரும் என்ன சொன்னாக, மாப்ள பேசவே மாட்டாரு, தங்கமான பையன்னாக. பேசாதவன எப்படிங்க தங்கம்னு கண்டுபிடிக்கிறது. பேசுறவன நா ரெண்டு நிமிசத்துல பிடிச்சிருவேன், உள்ள என்ன ஓடுதுன்னு கொரலுல தெரிஞ்சிரும். இவரு கொரலு மட்டும் எனக்கு இன்னைக்கு வரைக்கும் வந்ததில்ல, பிடிக்கிறதுக்கு ஒரு கொக்கி வேணும்ல, வழுவழுன்னு கூழாங்கல்லு மாதிரி, சும்மாதான் மாமா, சரிங்க மாமா, இல்லங்க மாமா. போதுமணி டீ கொண்டாந்தா. எனக்கு அவ தெரியல, காலு தெரியுது. ஜீப்புக்கடியில கெடந்தா ஒலகத்துல இருக்கிறதெல்லாம் காலுதான். மெட்டி போட்ட காலு ரெண்டு வந்து ரப்பர் செருப்பு போட்ட காலு ரெண்டுக்குப் பக்கத்துல நின்னுச்சு. டம்ளரு கை மாறுன பெறகும் மெட்டிக் காலு போகல. மெதுவா ஏதோ சொல்றா. என்னைக்கு மெதுவாப் பேசியிருக்கா அவ, தெருமுனைலருந்து பால்காரனக் கூப்பிடுற ஆளு. ரப்பர் செருப்பு ஒரு பக்கமாச் சாஞ்சுச்சு, பெருவெரலால மண்ணுல ஒரு கோடு போட்டுச்சு, அழிச்சுச்சு. இன்னும் சொல்லலயான்னு அவ கேக்குறது மட்டும் என் காதுல விழுந்துச்சு. என்ன சொல்லல, யாருகிட்டச் சொல்லல. இந்தா, ரெண்டு பேரும் என்ன குசுகுசுன்னு, அப்படின்னு அடியிலருந்து சத்தங்குடுத்தேன். சீனி போதுமான்னு கேட்டேன், அப்படின்னா. நீ சீனி போதுமான்னு கேட்டத நா கேட்டதே இல்லையே போது, போட்டதக் குடின்னுதான கேட்டிருக்கேன். மெட்டிக் காலு விருட்டுன்னு போயிருச்சு. அப்ப இவளும் கூட்டு. எல்லாரும் கூட்டு. மாமா, ஜாக்கிய எறக்கவான்னு கேட்டாரு மாப்ள. இருங்க, நா சொல்றப்ப எறக்குங்கன்னு நெஞ்ச உள்ள இழுத்துக்கிட்டு, வீலு ஓரமா ஒதுங்கி, ம் எறக்குங்கன்னேன். பைய எறக்குனாரு. கொழந்தையத் தொட்டில்ல போடுற மாதிரி எறக்குனாரு. அதுலயும் எனக்குச் சந்தேகம்தான். இவ்வளவு நெதானம் எதுக்கு.

பட்டைக் கட்டு கழண்டு மடியில விழுற மாதிரி வந்துச்சு, வெளிய இழுத்துப் போட்டோம். கல்லு மேல கிளாம்பு வெச்சு இறுக்கி, சென்டர் போல்ட்டு நட்ட நா திருப்ப, அவரு அந்தப் பக்கம் பிடிச்சிக்கிட்டாரு. அப்பத்தான் நா நெனைக்கக் கூடாதுன்னு ரெண்டு நாளா ஒதுக்கி ஒதுக்கி வெச்சது வந்து முன்னாடி நின்னுருச்சு. பிள்ளைக்கு ஏதும். ஸ்கேன்ல ஏதும். அங்க போயி என்னால பெத்துக்க முடியாதுன்னா அதுக்கு என்ன அர்த்தம். பெத்துக்கவே முடியாதுன்னு எவனும் சொல்லிட்டானா. அத மறைக்கத்தான் அங்கயே இருக்கேங்கிறாளா. இல்ல அடிக்கிறானா, ஒடம்புல தழும்பு இருக்கா, இங்க வந்தா அவ ஆத்தா குளிப்பாட்டும்போது பாத்துருவான்னு வரலயா. கட்டு பிரிஞ்சு ஏழு பட்டையும் தனித்தனியாப் படுத்துருச்சு, நடுவுல செம்மண்ணு, துரு, எந்த வருசத்து ஓடைத் தண்ணியோ. நாலாவதையும் அஞ்சாவதையும் உருவி ஓரமாப் போட்டேன். ச்சீ, அப்படியெல்லாம் இருக்காது. நல்ல பிள்ள, தைரியமான பிள்ள. ரெண்டாவது படிக்கையில முன்பல்லு ரெண்டும் விழுந்து காத்தாப் பேசுவா, அப்பா பிஸ்கோத்துன்னா ஃபிஃப்கோத்துன்னு வரும், அந்த வருசம் பங்குனிப் பொங்கல் திருவிழா மேடையில அதத்தான மொத ஐட்டமாப் போட்டேன், சனம் விழுந்து விழுந்து சிரிச்சுச்சு, இவ மொத வரிசையில உக்காந்து பாவாடையால வாயப் பொத்திக்கிட்டா. வெக்கம். அப்பறம் பல்லு மொளைக்கிற வரைக்கும் பள்ளிக்கூடத்துல வாயே தெறக்கலன்னு டீச்சரு சொன்னாக. அதுவும் வெக்கந்தான். இந்த வருசமும் அவ புண்ணியத்துலதான் கைதட்டு. மசக்கைன்னு மூணாவது மாசம் வந்து ஒரு வாரம் இருந்தாள்ல, ஓங்கரிச்சு ஓங்கரிச்சு, யம்மா பூண்ட நிறுத்து யம்மா, சன்னலச் சாத்து யம்மா, தெரு வழியா மோட்டாருல போறவன் என்ன சென்ட்டு போட்டிருக்கான்னு கேளு யம்மான்னு ஒரு கூத்து. அத அப்படியே சித்திரைத் திருவிழா மேடையில எறக்குனேன், பத்து நிமிசம், ஓங்கரிப்புக்கும் யம்மாவுக்கும் நடுவுல சரியா ஒன்னரை நொடி. அப்படி ஒரு கைதட்ட நா வாங்குனதே இல்ல. எவனோ போன்ல பிடிச்சு மலை வரைக்கும் அனுப்பிட்டானாம், தோட்டத்துப் பொம்பளைக எல்லாம் பாத்தாகளாம். கிரீஸ எடுங்க மாப்ளன்னேன். அவரு எடுக்கல. பட்டையப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு. இந்தா வருது. நிறுத்தம் வருது. எனக்குத் தெரியாதா.

மாமா, ஒன்னு கேக்கவான்னாரு. கேளுங்கன்னேன். வியாழக்கெழம சாயங்காலம் எங்கப்பா கொரல்ல யோகுகிட்டப் பேசுனது நீங்கதான. என் கையில மூணாவது பட்டை. அதக் கீழ வெக்கவும் முடியல, பிடிச்சிக்கவும் முடியல. யாரு சொன்னான்னேன். யாரும் சொல்ல வேணாம் மாமா, எங்கப்பா யோகுக்கு நேரெதுக்க உக்காந்து முறுக்குத் தின்னுக்கிட்டிருந்தாரு. அப்ப அந்தக் கடுக்கு, முறுக்குச் சத்தம். மாப்ள தரையப் பாத்துக்கிட்டே சொல்றாரு, அவளுக்கு ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேச முடியும் மாமா, கை மரத்துப் போகுதுங்கிறா. எங்கப்பா அவரு கொரலு போன்லருந்து வர்றதக் கேட்டு முழிச்சுக்கிட்டே முறுக்கக் கடிக்கிறாரு. கேட்டு முடிச்சுட்டு எங்கம்மாகிட்ட, ஏத்தா, நா இப்படியா கனைக்கிறேன்னாரு. அதுக்கு எங்கம்மா, இதவிட மோசம்னுச்சு. எனக்குச் சிரிப்பு வரப் பாத்துச்சு, பாதியில நின்னுருச்சு. அப்ப அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் சொன்னாளா, என்கிட்டயேதான் சொன்னாளா மாப்ள. ஆமா மாமா. அப்பான்னு கூப்பிட்டு அத ஒங்ககிட்டச் சொல்ல முடியாதுன்னா. நீங்களா வேற ஆளாப் பேசுனீங்க, அதான் அவளும் சொல்லிட்டா. பெறகு ரெண்டு நாளா ஒங்க போனே வரல. ராவும் பகலும் போனத் திருப்பித் திருப்பிப் பாக்குறா. எந்திரிச்சுப் போயி கோவமா இருக்காகளான்னு பாத்துட்டு வாங்கன்னா. அத்தைகிட்டக் காலைல வந்ததுமே சொல்லிட்டேன், ஒங்ககிட்டத்தான் எப்படி ஆரம்பிக்கன்னு தெரியல. இம்புட்டும் ஒரே மூச்சுல பேசிட்டாரு, கல்யாணமாகி ரெண்டு வருசத்துல நா கேட்ட மொத நீளப் பேச்சு. பிள்ளைக்கு ஒன்னும் இல்லேல்லன்னேன். அதெல்லாம் நல்லாருக்கு மாமா, உதைக்குது. நீங்க அவள அடிக்கிறீகளா. இல்லங்க மாமா. கோவிச்சுக்காமத்தான் சொன்னாரு. அப்ப ஏன் மாப்ள வரமாட்டேங்கிறா. அவரு உருவிப் போட்ட பட்டை ரெண்டையும் எடுத்து ஒன்னு மேல ஒன்னா அடுக்கி வெச்சாரு, வெச்சுட்டுச் சொன்னாரு, மாமா, திருவிழா வீடியோ வந்ததுலருந்து அவ கொல்லைல நின்னு வாந்தியெடுத்தா லயத்துல நாலு வீட்டுலருந்து யம்மா பூண்ட நிறுத்துன்னு சத்தம் வரும். சின்னது பெருசெல்லாம். அவ வாந்திய அடக்கப் பழகிக்கிட்டா. வலி வந்தா அடக்க முடியாதுல்ல மாமா, கத்தத்தான செய்யணும். அங்க வந்து கத்துனா அப்பா வெளிய நின்னு கேப்பாருங்கிறா. அவரு வேணும்னு கேக்க மாட்டாரு, ஆனா கேட்டுட்டா அவரு வாய் சும்மா இருக்காதுங்கிறா.

மேடையில ஒருத்தன் எந்திரிச்சுக் கேள்வி கேட்டா எவன் கொரல்லயாச்சும் திருப்பி அடிச்சிருவேன், இங்க எவன் கொரல்ல அடிக்க. அப்படியெல்லாம் பண்ணுவேனா மாப்ளன்னு சொல்ல வாயெடுத்தேன், பண்ணியிருப்பேன். மொத நாளே ஸ்டாண்டுல பண்ணியிருப்பேன், என் பேரப்பிள்ள வந்த கதையச் சொல்றேன் கேளுங்கடான்னு ஆரம்பிச்சு. கத்தலுக்கும் மூச்சுக்கும் நடுவுல எத்தன நொடின்னு கூட எண்ணியிருப்பேன். நெனைச்சுப் பாக்கையிலயே எண்ணுறேன், இந்தா, இப்பவே தொண்டைக்குள்ள அது தயாராகுது, எச்சியக் கூட்டி முழுங்கிட்டேன். ரெண்டு நாளா ஊருல இருக்கிற அத்தன பேரையும் சந்தேகப்பட்டேன், ஆறு இட்லியச் சந்தேகப்பட்டேன், கொடையச் சந்தேகப்பட்டேன், சம்மந்தி தின்ன முறுக்கச் சந்தேகப்பட்டேன். கிரீஸ எடுத்து அஞ்சு பட்டைக்கும் நானே தடவி அடுக்குனேன். புது சென்டர் போல்ட்ட அவரு போட்டாரு. திரும்ப அடியில போயிப் படுத்தேன், ஏத்துங்கன்னேன், ஏத்துனாரு, யூ போல்ட்டு போட்டு இறுக்குனேன். வலது பக்கமும் அதே மாதிரி. ரெண்டு மணி நேரம் ரெண்டு பேரும் ஸ்பேனரு நம்பரத் தவிர வேற எதுவும் பேசல. நடுவுல போதுமணி வந்து, சொல்லியாச்சான்னு இந்தத் தடவ சத்தமாவே கேட்டா. சொல்லியாச்சுங்கத்தன்னாரு. காலி டம்ளர எடுத்துக்கிட்டு மெட்டிக் காலு உள்ள போயிருச்சு. கடைசி நட்டையும் இறுக்கிட்டு, படுத்த வாக்குலயே, மேல ஆக்சிலப் பாத்துக்கிட்டே சொன்னேன், மாப்ள, நாளைக்கு நா வரல. வண்டிய இன்னைக்கே நீங்க ஓட்டிக்கிட்டுப் போங்க. மேலயே நிக்கட்டும். வலி வந்தா அதுல படுக்க வெச்சு எந்த ஆஸ்பத்திரிக்கு எறக்கணுமோ எறக்குங்க. வலி வர்றதுக்கு முன்னாடியே போது வந்து கூட இருக்கட்டும். அப்ப ட்ரிப்பு மாமா, ரெண்டு மாசம் என்ன பண்ணுவீகன்னாரு. பட்டைய உருவியாச்சுல, இனி இது லோடு தாங்காது, எப்படியும் நிக்கத்தான போகுதுன்னேன். அதுக்கில்ல மாமா, வழக்கம்னு ஒன்னு இருக்கே, ஊருல என்ன சொல்லுவாகன்னாரு. என்னையத்தான் சொல்லுவாக, சொல்லட்டும்னேன்.

வீல மாட்டி, ஸ்டாண்டையும் கட்டையையும் உருவி, வண்டியத் தரையில எறக்குனோம். பின்பக்கம் மூணு வெரக்கட அளவு தணிஞ்சு நின்னுச்சு. ரெண்டு பேரும் ரெண்டு மூலையில கை வெச்சு அமுக்கிப் பாத்தோம், அமுங்குச்சு, எந்திரிச்சுச்சு. அமுக்கிப் பாத்தாப் போதாது, முந்தல் ரோட்டுல போயி அந்த வறண்ட ஓடைல ஒருக்கா எறக்கி ஏத்திப் பாப்போம்னேன். சாவிய நீட்டுனாரு. நீங்க ஓட்டுங்க, நா பின்னாடி ஏறுறேன்னு சொல்லிட்டு, பெஞ்சு கழட்டுன எடத்துல போதுமணி விரிச்சு வெச்சிருந்த மெத்தையில ஏறிப் படுத்துட்டேன், அவ படுக்க வேண்டிய எடம், மல்லாக்க, காலை நீட்டி. பதினெட்டு வருசமா ஓட்டுற வண்டி, பின்னாடி ஒரு நாளும் நா படுத்துப் போனதில்ல. கூரை ரெக்சின்ல ரெண்டு கிழிசல் இருக்கிறதே இப்பத்தான் தெரியுது. தார் ரோட்டுல அலுங்காமப் போச்சு. ஓடைக்குள்ள எறங்குனதும் ஒரு கல்லு, பரவால்ல, இன்னொரு கல்லு, அதுவும் பரவால்ல. மாப்ள போன் அடிச்சுச்சு. வண்டிய நிறுத்தாம ஊர்ந்துக்கிட்டே டேஷ்போர்டுல வெச்சு ஸ்பீக்கரப் போட்டாரு. எங்கன இருக்கீக, அப்பா கோவமா இருக்காகளான்னு எம்மக கொரலு. இல்ல, வண்டிய ஓட்டிப் பாக்குறோம், மாமா பின்னாடி படுத்திருக்காரு. ஏன், என்னாச்சு அப்பாவுக்கு. ஒன்னும் ஆகல, நீ படுக்கப் போற எடம் எப்படி இருக்குன்னு பாக்குறாரு. அந்தப் பக்கம் பேச்சில்ல. ஒன்னு, ரெண்டுன்னு எண்ண ஆரம்பிச்சேன், அதுக்குள்ள பின் வீலு ஒரு குழியில தொபுக்குன்னு எறங்கி எந்திரிச்சுச்சு, இடுப்புல சுளீர்னு ஒரு வலி, யம்மான்னு கத்திட்டேன். நானாக் கத்தல, அதுவா வந்துருச்சு. என்ன சத்தம்னு பதறுனா யோகு. மாப்ள கண்ணாடியில என்னையப் பாத்தாரு. பாத்துட்டு, போனப் பாத்து, ஒங்கப்பாதான், யம்மான்னாரு, அப்படின்னாரு. சும்மா சொல்லல, என் கத்தல என்னைய மாதிரியே கத்திக் காமிச்சாரு, என் வாழ்க்கைல நா கேட்டதுலயே கேவலமான மிமிக்ரி. தொண்டையும் சேரல, இழுப்பும் சேரல, ஆரம்பிச்சதே அரை நொடி லேட்டு. எம்மக சிரிச்சா. மொதல்ல வாயப் பொத்திக்கிட்டு, அப்பறம் கைய எடுத்துட்டு, மூச்சு வாங்கி மூச்சு வாங்கிச் சிரிச்சா. எனக்கு இடுப்பு இன்னும் வலிக்குது, அவ சிரிக்கிறா, ரெண்டும் ஒரே நேரத்துல என் காதுலயும் ஒடம்புலயும் ஓடுது. அரை நொடி முன்னாடி எடுத்திருக்கணும் மாப்ளன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. பல்லக் கடிச்சு நிறுத்துனேன். அவ சிரிச்சு முடிக்கிற வரைக்கும் கூரைக் கிழிசலப் பாத்துக்கிட்டே கெடந்துட்டு, அடுத்தாப்புல பெரிய குழி ஒன்னு இருக்கு மாப்ள, பையப் போங்கன்னு மட்டும் சொன்னேன்.